புலாவ் பாப்பா: அட்டைப்பெட்டி ஃபெரியில் ஒரு முதல் பிறந்தநாள்

என் தங்கச்சி மகளுக்குப் போன அக்டோபரில் ஒரு வயது நிறைந்தது. தாய்மாமன் சீர் கொண்டு போக வேண்டும், அது எங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த முறை சீர்த்தட்டோடு ஒரு கப்பலும் போனது. குளிர்பதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியில் செய்த ஃபெரி அது, 180 சென்டிமீட்டர் நீளம், 120 சென்டிமீட்டர் உயரம், மஞ்சள் நிறம். அதைச் சுற்றித்தான் மொத்த விழாவும் நடந்தது. ஆறு வாரம் என்ன செய்தோம், எங்கே தவறினோம், எவ்வளவு காசு, எத்தனை மணி நேரம் என்று ஒரு பள்ளி நோட்டில் குறித்து வைத்திருந்தேன். குழந்தையின் முதல் பிறந்தநாளைக் கையால் செய்து கொண்டாட நினைக்கும் வேறு குடும்பத்துக்குப் பயன்படும் என்பதால் அதை விரித்து எழுதுகிறேன்.

முதலில் தங்கச்சிக்குக் கையால் செய்யும் எண்ணமே இல்லை. அலங்காரம் செய்து தருபவர் ஒருவரிடம் விலை கேட்டாள், பின்திரை, பலூன் வளைவு, மேசை எல்லாம் சேர்த்து 1,300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்றார். காடு, ஒற்றைக் கொம்புக் குதிரை, கார்ட்டூன் பாத்திரங்கள் என்று படங்கள் அனுப்பினார். அம்மா அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதுல பாப்பாவுக்குத் தெரிஞ்சது எது?" ஒன்றுமே இல்லை. அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் திருப்பியது. பதினொரு மாதக் குழந்தைக்கு எது தெரியும் என்று உட்கார்ந்து எண்ணினோம். குளிக்கிற தொட்டித் தண்ணீர், சன்னலுக்கு வரும் காக்கை, பக்கத்து வீட்டு மீன்தொட்டி, தாத்தாவின் டார்ச் லைட், சுற்றும் மின்விசிறி. இதில் தண்ணீர், பறவை, மீன், விளக்கு நான்கையும் ஒன்றாகக் கட்டக்கூடியது என்ன என்று மச்சான் கேட்டார். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே "ஃபெரி" என்றார்.

அப்பா பட்டர்வொர்த்திலிருந்து கடல் தாண்டிப் பினாங்குத் தீவுக்கு 33 வருடம் வேலைக்குப் போனவர். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஓர் அச்சகம், அங்கே தாள் வெட்டுவதும் பைண்டிங்கும் அவர் வேலை. 1985-இல் தீவுக்குப் பாலம் திறந்த பிறகு மோட்டார் சைக்கிள் வைத்திருந்த நண்பர்கள் எல்லாம் பாலத்துக்கு மாறினார்கள், அவர் மாறவில்லை. காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம், காற்று வாங்கிக்கொண்டு பேப்பர் படிக்கலாம் என்பார். 1894-இல் தொடங்கிய ஃபெரி சேவை அது. கீழ்த்தட்டில் கார்கள், மேல்தட்டில் ஆட்கள் என்று இரண்டு தட்டு வைத்த பழைய ஃபெரிகள் 2020 டிசம்பர் 31-உடன் பயணிகளை ஏற்றுவதை நிறுத்தின. 2023 ஆகஸ்டில் புதிய படகுகள் நான்கு வந்தன, அவற்றில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும் போகலாம், கார் ஏறாது. பாப்பா பிறந்தது அதற்கும் அப்புறம். தாத்தா போய்வந்த ஃபெரியை அவள் பார்க்கப் போவதே இல்லை. இதைவிட நல்ல கருப்பொருள் வேறு எங்கே தேடுவது?

பழைய ஃபெரிகளுக்குத் தீவுகளின் பெயர்தான் வைப்பார்கள் (மலாயில் புலாவ் என்றால் தீவு), புலாவ் அங்சா, புலாவ் ரிமாவ், புலாவ் கப்பாஸ், புலாவ் உண்டான் என்று. எங்கள் ஃபெரிக்கு புலாவ் பாப்பா என்று பெயர் வைத்தோம். அப்பாவே தூரிகை பிடித்துத் தமிழில் எழுதினார், அச்செழுத்து போலவே இருந்தது.

நாள், நேரம், ஆட்கள்

நட்சத்திரப் பிறந்தநாள் வேறு ஒரு நாளில் வந்தது. அன்று கோயிலில் அர்ச்சனை மட்டும், வீட்டு ஆட்களோடு. மொட்டையும் காதுகுத்தும் ஏழாம் மாதத்திலேயே என் மடியில் உட்கார வைத்து முடிந்திருந்தன. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வீடுகளில் காதுகுத்து, கேக், விருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு அடைத்துவிடுகிறார்கள். காது வலித்து அழுத குழந்தையை அரை மணி நேரத்தில் புது உடுப்பு மாட்டிப் படம் எடுக்க நிறுத்துவது பாவம். இரண்டு நாளாகப் பிரித்தால் செலவு கூடாது, கூட்டம்தான் குறையும்.

விழாவுக்கு ஞாயிறு 12-ஆம் தேதி, தீபாவளிக்கு எட்டு நாள் முன்பு. புரட்டாசி இன்னும் முடியவில்லை, அதனால் சாப்பாடு முழுக்கச் சைவம் என்பதில் விவாதமே இல்லை. இடம் தீவில், ஜெலுத்தோங்கில் தங்கச்சி குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபம், வாடகை 80 வெள்ளி, முன்பணம் 100. ஆட்கள் 48 பேர், அதில் ஐந்து வயதுக்குக் கீழே ஒன்பது பிள்ளைகள். இந்த ஒன்பது என்ற எண்ணை நோட்டில் வட்டம் போட்டு வைத்தேன், ஏனென்றால் அலங்காரத்தில் பாதி முடிவுகளை அதுதான் எடுத்தது.

நேரம் காலை 10:30. பாப்பா காலையில் ஒன்பதிலிருந்து பத்து வரை ஒரு தூக்கம் போடுவாள், பிறகு ஒரு மணிக்கு மேல் கண் சொக்கும். நடுவில் மூன்று மணி நேரம்தான் நமக்குக் கிடைக்கும் நேரம். மாலை விழா வைத்தால் உறவினர்களுக்கு வசதிதான், ஆனால் யாருடைய பிறந்தநாளோ அவள் தூங்கிவிடுவாள்.

அட்டையும் பசையும்

பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுப் பக்கத்து மின்சாதனக் கடையில் இரண்டு பெரிய பெட்டிகள் இலவசமாகக் கிடைத்தன. குளிர்பதனப் பெட்டி வருகிற அட்டை இரண்டு அடுக்கு நெளி வைத்தது, சாதாரணப் பெட்டியைவிட இரண்டு மடங்கு தடிப்பு. எடுத்து வந்ததும் கத்தியை எடுத்தேன், அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். "மொதல்ல நெளி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாரு." அட்டையின் உள்ளே இருக்கும் நெளி மேலிருந்து கீழாக நின்றால் சுவர் போல எடை தாங்கும், படுக்கையாக ஓடினால் தானாக வளைந்து மடங்கிவிடும். அதனால் நிற்க வேண்டிய பலகைகளுக்கு நெளி செங்குத்தாக, கப்பலின் மூக்கு போல வளைய வேண்டிய இடத்துக்கும் அதே திசையில் வைத்து இரண்டு இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கீறல். மடிக்கும் இடத்தில் கத்தி போடக் கூடாது, எழுதாத பேனாவின் முனையால் அழுத்திக் கோடு இழுத்து மடிக்க வேண்டும். முப்பது வருடம் பைண்டிங் செய்தவர் பக்கத்தில் இருந்தது என் அதிர்ஷ்டம்.

ஒட்டுவதற்கு இரண்டு வகை. கட்டுமானத்துக்குச் சூட்டுப் பசைத் துப்பாக்கி, மேலே தாள் ஒட்டக் கஞ்சிப் பசை. மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, முதலில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு சிறு தீயில் கண்ணாடி போல ஆகும்வரை கிளற வேண்டும். அச்சகத்தில் இந்தப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி அரிக்காது, பூஞ்சை பிடிக்காது. அப்பாவின் கை பழக்கத்தில் அதைத்தான் கேட்டது. மயில்துத்தம் விஷம். எதைக் கண்டாலும் வாயில் வைக்கும் ஒரு வயதுக் குழந்தை நக்கப்போகிற பொருளில் அது ஒரு துளியும் சேரக் கூடாது, அதனால் பசையைச் சிறிது சிறிதாகக் காய்ச்சி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளில் தீர்த்தோம், மிஞ்சினால் கொட்டிவிட்டோம்.

வண்ணம் தண்ணீரில் கரையும் சுவர் வண்ணம், மஞ்சள், வெள்ளை, கடல் நீலம் மூன்று சிறு டின். தண்ணீர் வண்ணத்தை அட்டையின் ஒரு பக்கம் மட்டும் பூசினால் காயும்போது பலகை அப்பளம் போல வளைந்துவிடும். வெளிப்பக்கம் பூசிய அன்றே உட்பக்கமும் ஒரு கை பூசினால் இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுத்து நேராக நிற்கும். அதற்கு முன்னால் வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து முழுக்கத் தடவிக் காய வைத்தால் வண்ணம் குறைவாகக் குடிக்கும்.

மழை செய்த மாற்றம்

பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும் மழைக்காலம். இது தெரியாதது இல்லை, பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான், ஆனாலும் நான்காம் வாரம் பலகைகளை வீட்டின் பின்பக்கத் திண்ணையில் காய வைத்துவிட்டுப் படுத்தேன். இரவு சாரல் அடித்தது. காலையில் எழுந்து பார்த்தால் நான்கு பலகைக்கும் அடிப்பாகம் ஒரு சாண் அளவு ஊறிக் கஞ்சியாகக் கிடந்தது. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காபி போட்டுக் கொடுத்தார்.

ஊறிய அட்டையைக் காய வைத்தாலும் பலம் திரும்பாது, நெளி படிந்து போய்விடும். கீழே 20 சென்டிமீட்டரை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழி இல்லை. 140 உயரத்துக்குத் திட்டமிட்ட ஃபெரி அப்படித்தான் 120 ஆனது. அடியில் பிளாஸ்டிக் நெளி அட்டை வைத்துக் கட்டினோம், மண்டபத் தரை ஈரமாக இருந்தாலும் ஏறாது. மீதி இரண்டு வாரமும் பலகைகள் என் அறைக்குள், மின்விசிறிக்கு எதிரே.

அந்த வெட்டுதான் விழாவைக் காப்பாற்றியது என்று இப்போது நினைக்கிறேன். அடுத்த ஞாயிறு தங்கச்சி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாங்கள் முன்பக்கத்தை நிறுத்தி வைத்து, மேல்தட்டில் சன்னல்கள், கொடிகள், புகைபோக்கி எல்லாம் காட்டி, பாரு பாரு என்று ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டோம். பாப்பா நிமிர்ந்தே பார்க்கவில்லை. நேராகத் தவழ்ந்து வந்து, வெட்டிப் போட்ட அட்டைத் துண்டு ஒன்றை எடுத்துத் தட்டினாள், அப்புறம் கீழ்த்தட்டுக்கு என்று அப்பா கோடு போட்டு அறுத்திருந்த ஓட்டைக்குள் தலையை விட்டாள். உள்ளே இருந்து அவள் போட்ட சத்தம் எதிரொலித்தது. இன்னொரு சத்தம். சிரிப்பு. வெளியே வரவே மாட்டேன் என்றாள்.

மச்சான் அளவு நாடா எடுத்து வந்து பாப்பாவை நிறுத்தி அளந்தார், 73 சென்டிமீட்டர். தவழும்போது கண் தரையிலிருந்து 30-க்கும் 40-க்கும் நடுவில். அதுவரை நாங்கள் செய்த அத்தனையும் 90-க்கு மேலே இருந்தது, எல்லாம் பெரியவர்கள் நின்று பார்க்கவும் படம் எடுக்கவும். மூன்று வாரமாக யாருக்கும் இது தோன்றவில்லை! நோட்டில் அன்று எழுதியது இதுதான்: முட்டிக்குக் கீழே முதலில், மிச்சம் அப்புறம்.

அதற்குப் பிறகு திட்டம் தலைகீழாக மாறியது. பின்திரையாக இருந்த ஃபெரியைச் சுரங்கமாக மாற்றினோம். கீழ்த்தட்டு 55 உயரம், 60 அகலம், இரண்டு முனையும் திறப்பு. பழைய ஃபெரியில் கார் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்குமே, அதே போலப் பிள்ளைகள் தவழ்ந்து ஏறி இறங்கலாம். உட்சுவரில், தரையிலிருந்து 35 சென்டிமீட்டரில், மீன்கள். கூரையின் உட்பக்கம் நீல நிறத் துணி. பக்கவாட்டில் உள்ளங்கை அளவு வட்டச் சன்னல்கள், உள்ளே இருக்கும் குழந்தை வெளியே இருக்கும் அம்மாவைப் பார்க்க. மேல்தட்டுக்கு என்று நினைத்திருந்த சின்னச் சின்ன நாற்காலிகளையும் பொம்மைப் பயணிகளையும் கைவிட்டோம். அதற்குச் செலவாகியிருக்கும் ஆறேழு மணி நேரம் கீழே போனது.

வாய்க்குப் போகாமல் பார்ப்பது

ஒன்பது சின்னப் பிள்ளைகள் கைபடப்போகும் பொருள் என்பதால் இதில் நாங்கள் கொஞ்சம் கண்டிப்பாகவே இருந்தோம். பலூன் வேண்டாம் என்று முதல் வாரமே முடிவு. வெடித்த பலூனின் ரப்பர்த் துண்டு தொண்டையில் ஒட்டினால் மூச்சை முழுதாக அடைத்துவிடும், எடுக்கவும் வராது. மினுமினுப்புத் தூள், பாசிமணி, ஒட்டவைக்கும் கண்கள் எதுவும் இல்லை. கழிப்பறைத் தாள் சுருளின் உள்குழாய்க்குள் போகிற அளவு எந்தப் பொருளும் தரைமட்டத்தில் இருக்கக் கூடாது என்று ஒரு அளவு வைத்துக்கொண்டோம், அந்தக் குழாயை மேசையிலேயே வைத்துச் சோதித்தோம்.

தங்கச்சி சின்ன மெழுகுவத்தி விளக்குகள் இரண்டு டஜன் வாங்கி வைத்திருந்தாள், பேட்டரியில் எரிபவை, பார்க்க அழகு. திருப்பிப் பார்த்தால் அடியில் பொத்தான் பேட்டரி, மூடி நகத்தால் தள்ளினாலே திறக்கிறது. பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் நின்றுவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரிக்கத் தொடங்கிவிடும். அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, திருகாணி போட்டு மூடும் பேட்டரிப் பெட்டி வைத்த சரவிளக்கு ஒன்று 19 வெள்ளிக்கு வாங்கினோம். மேல்தட்டில், பெரியவர்கள் உயரத்தில் கட்டினோம். மேலே வைக்க வேண்டியது என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இன்னொன்று, ஒரு வயதுப் பிள்ளை எதையாவது பிடித்துத்தான் எழுந்து நிற்கும். அட்டைக் கப்பலைப் பிடித்து இழுத்தால் அது அவள் மேலேயே சாயும். ஃபெரியின் இரண்டு முனையிலும் அடியில் அறை போல வைத்து, ஐந்து கிலோ அரிசிப் பை முனைக்கொன்று உள்ளே இறக்கினோம். மச்சான் பிள்ளை இழுக்கிற அளவுக்கு இழுத்துப் பார்த்தார், சாயவில்லை. வெட்டிய விளிம்பு முழுக்கத் துணி டேப் சுற்றினோம், அட்டை விளிம்பு பிஞ்சு விரலைக் கீறும். அரிசி பிறகு சமையலுக்குப் போனது.

சீட்டு, கொடி, ஓலை

அழைப்பிதழ் ஃபெரி சீட்டு வடிவம். 160 கிராம் அட்டைத்தாள், ஏ4 ஒன்றில் ஆறு சீட்டு, பத்துத் தாளில் 60. கிழிக்கும் துளைக்கோடு போட அப்பா சொன்ன வழி: தையல் இயந்திரத்தில் நூல் கோக்காமல் ஊசியை மட்டும் ஓட்டுவது. அம்மா ஒரே மாலையில் 60-ஐயும் ஓட்டி முடித்தார் (பழைய ஊசி போடுங்கள், தாள் ஊசியை மழுக்கிவிடும்). முன்பக்கம் "கட்டணம் 1 வெள்ளி 20 காசு" என்று போட்டோம், பழைய ஃபெரியின் கடைசிக் காலக் கட்டணம் அதுதான். தீவுக்குப் போகும்போது மட்டுமே காசு வாங்குவார்கள், திரும்பி வர இலவசம். அதனால் கிழிக்கும் துண்டில் "திரும்பும் பயணம் இலவசம்" என்று அச்சிட்டோம், கிளம்பும்போது அதைக் கிழித்துக் கொடுத்தால் ஒரு பொட்டலம் முறுக்கு. தீபாவளிக்கு எப்படியும் சுடுவது, அம்மா ஒரு வாரம் முன்னதாகச் சுட்டார். வயதில் பெரியவர்கள் பலர் சீட்டைப் பார்த்ததும் அந்த ஒரு வெள்ளி இருபதைப் பற்றித்தான் பேசினார்கள், சில்லறையாக வைத்திருந்தால்தான் உள்ளே விடுவான், நோட்டை நீட்டினால் மாற்றிக்கொண்டு வரச் சொல்வான் என்று.

கொடித் தோரணத்துக்கு முதலில் கிரேப் தாள் வாங்கிச் சோதித்தோம். இரண்டே நாளில் ஈரக் காற்றில் தொங்கிப் போனது, தொட்டால் கையில் சாயம். துணிக்கு மாறினோம். அம்மாவின் பழைய பருத்திச் சேலை இரண்டு, அப்பாவின் கைலி மூன்று. 20 சென்டிமீட்டர் அகல முக்கோணம், நடுவில் ஐந்து இடைவெளி, பத்து மீட்டர் கயிற்றுக்கு 40 கொடி. அவற்றைச் சுவரில் டேப் போட்டு ஒட்ட முடியவில்லை, மண்டபச் சுவர் வண்ணம் சுண்ணாம்பு போல உதிர்ந்தது, உரிந்தால் முன்பணம் போய்விடும். சன்னல் கம்பிக்கும் தூணுக்கும் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டோம். அதுவே படகுக் கொடி போல நன்றாக இருந்தது.

எனக்கு மிகப் பிடித்தது குருத்தோலை. கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டுகிற அதே இளந்தென்னை ஓலை. அம்மா சிறுவயதில் தோட்டத்தில் கற்ற ஓலைக்கிளியும் ஓலை மீனும் இன்னும் கையில் மறக்கவில்லை. முந்தைய நாள் மாலை தங்கச்சி வீட்டில் தரையில் உட்கார்ந்து முடைந்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) எட்டிப் பார்த்தார், உள்ளே வந்து உட்கார்ந்தார், அதே ஓலையில் அவர் கெத்துபாட் கூடு (மலாய்க்காரர்கள் அரிசி போட்டு வேகவைக்கும் ஓலைக்கூடு) முடையும் வேகத்தைப் பார்த்து எல்லாரும் வாயடைத்துப் போனோம். இருவரும் ஒருவர் முடிச்சை ஒருவர் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். இரவு பத்து மணிக்குள் 34 மீன், 20 கூடு. ஓலை பசுமையாக இருப்பது இரண்டு நாள்தான், அதனால் இதை முன்கூட்டியே செய்து வைக்க முடியாது, கடைசி நாளுக்கென்று கையை ஒதுக்கி வைக்க வேண்டும். கூர்நுனிகளை வெட்டிவிட்டுத்தான் கீழே மாட்டினோம்.

சாப்பாடு

பெரியவர்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர் சமைத்தார், காய்கறி பிரியாணி, பருப்புக் கறி, சைவ மீஹூன் கோரெங் (வறுத்த அரிசிச் சேமியா), வடை, கேசரி. ஐம்பது பேருக்குத் தலைக்கு 9 வெள்ளி.

கேக் தங்கச்சி செய்தது. புரட்டாசி என்பதால் முட்டை இல்லை, பாப்பாவுக்கு என்பதால் சர்க்கரையும் இல்லை. நன்றாகக் கனிந்த வாழைப்பழம், கோதுமை மாவு, தயிர், எண்ணெய், சமையல் சோடா. தயிரின் புளிப்போடு சோடா சேர்ந்துதான் உப்புகிறது, அதனால் கலந்ததும் உடனே அடுப்புக்குள் போக வேண்டும். முதல் முறை கலந்து வைத்துவிட்டுப் பாப்பாவைக் குளிப்பாட்டப் போனாள், கேக் பலகை மாதிரி வந்தது. மேலே கிரீமுக்குப் பதில் துணியில் இரவு முழுதும் தொங்கவிட்டு வடித்த தயிர். நம் ஊர் வெயிலுக்கு அது மேசையில் கால் மணி நேரம்தான் நிற்கும்.

ஓர் அத்தை தேன் ஊற்றினால் நன்றாக இருக்குமே என்றார். பாப்பாவுக்கு ஒரு வயது நிறைந்துவிட்டது, சரி. ஆனால் வருகிற பிள்ளைகளில் ஏழு மாதக் குழந்தை ஒன்று உண்டு. ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து விஷம் உண்டாக்கும். வேண்டாம் என்று சொல்லிக் காரணத்தையும் சொன்னோம், அத்தை புரிந்துகொண்டார். சின்னவர்கள் மேசையில் இட்லி, வேகவைத்த சர்க்கரைவள்ளி, பப்பாளி. திராட்சை வைத்தால் நீளவாக்கில் நான்காக வெட்டியது. முறுக்கும் கடலையும் அந்த மேசைப் பக்கமே போகவில்லை.

கப்பல் கடல் தாண்டியது

பலகைகளை மச்சான் காரில் பாலம் வழியாக எடுத்துப் போவதுதான் திட்டம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஃபெரி ஃபெரியில்தான் போக வேண்டும் என்றார். அதற்கென்றே 180 நீளத்தை நடுவில் துணி வைத்து மடிப்பாகச் செய்து, 90-க்கு 120 என்று சுருக்கினோம், பைண்டிங்கில் அட்டைக்கு நடுவே துணி வைப்பது போலத்தான். சனிக்கிழமை காலை, பிளாஸ்டிக் உறை சுற்றி, அவர் ஒரு முனை நான் ஒரு முனை பிடித்துக்கொண்டு பட்டர்வொர்த் முனையத்தில் ஏறினோம். 2020-க்குப் பிறகு அவர் ஃபெரியில் ஏறியது அன்றுதான். புதிய படகில் குளிர்சாதனம், மூடிய சன்னல்கள். அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பலகையை என்னிடம் விட்டுவிட்டுக் காற்று வரும் இடம் தேடிப் போய் நின்றார். நான் எதுவும் பேசவில்லை.

விழா நாள்

10:30 என்று சீட்டில் போட்டோம். 10:50-க்குப் பாதிப்பேர்கூட வரவில்லை. எல்லாரும் வந்த பிறகு கேக் வெட்டலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். தங்கச்சி முடியாது என்றாள், பாப்பா இப்போது சிரிக்கிறாள், இப்போதே வெட்டுகிறேன் என்று வெட்டிவிட்டாள். வந்திருந்தவர்கள் பாடினார்கள், பாப்பா தயிரை முகமெல்லாம் பூசிக்கொண்டாள். 11:20-க்கு வந்த பெரியம்மாவுக்கு மனத்தாங்கல் ஆகிவிட்டது, கேக் வெட்டுவதற்குக்கூடக் காத்திருக்கவில்லையா என்றார். நியாயமான வருத்தம்தான், தைப்பிங்கிலிருந்து பேருந்து ஏறி வந்தவர். குளிர்பதனப் பெட்டியில் மாதிரிக்குச் செய்த சின்னக் கேக் ஒன்று மிச்சம் இருந்தது, அதைக் கொண்டு வந்து பெரியம்மா மடியில் பாப்பாவை வைத்து மறுபடி வெட்டினோம். அவர் முகம் மலர்ந்தது. ஆனாலும் தங்கச்சி செய்ததுதான் சரி என்பேன், ஏனென்றால் 12:15-க்கெல்லாம் பாப்பா கண்ணைக் கசக்கத் தொடங்கிவிட்டாள்.

ஃபெரி என்ன ஆனது? ஒன்பது பிள்ளைகளும் அதை விட்டு நகரவில்லை. நான்கு வயதுப் பையன் ஒருவன் வாசலில் நின்று சீட்டு கேட்டான், பெரிய பிள்ளைகள் மண்டியிட்டு உள்ளே போனார்கள். அப்பா ஒரு முனையில் முக்காலி போட்டு உட்கார்ந்து டார்ச்சை உள்ளே அடித்தார், ஓலை மீன்களின் நிழல் கூரையில் நீந்தியது, பாப்பா அந்த நிழலைப் பிடிக்கப் போய்ப் போய் வந்தாள். இதை நாங்கள் யாரும் திட்டமிடவில்லை.

கணக்கு

பிளாஸ்டிக் அட்டை 24, வண்ணம் 66, பசைத் துப்பாக்கியும் குச்சியும் 28, வெள்ளைப் பசை 15, சீட்டுத் தாளும் அச்சும் 22, நூல் 12, சரவிளக்கு 19. அலங்காரம் மொத்தம் 186 வெள்ளி. மண்டபம் 80, சாப்பாடு 450, கேக் 34, பானம் 30, முறுக்குப் பொருட்கள் 60, குருத்தோலை 15. ஆக 855. வைத்திருந்த வரம்பு 800, 55 கூடிவிட்டது, முறுக்கைக் கணக்கில் விட்டதுதான் காரணம். முன்பணம் முழுதாகத் திரும்பியது.

மணி நேரத்தையும் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் மலிவு என்பது பொய். நான், அப்பா, அம்மா, தங்கச்சி, மச்சான் ஐந்து பேரும் சேர்ந்து 92 மணி நேரம். அதில் ஃபெரிக்கு மட்டும் 41. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் தனியாக இவ்வளவும் செய்ய முடியாது, செய்யச் சொல்லவும் கூடாது. வீட்டில் நான்கு கையாவது சேராவிட்டால் சீட்டும் கொடியும் மட்டும் செய்யலாம், அதுவே போதும்.

மறுபடி செய்தால் மாற்றுபவை: அட்டையில் கை வைக்கும் முன்பே குழந்தையைப் பக்கத்தில் விட்டு எதைத் தொடுகிறாள் என்று பார்ப்பேன், நான்காவது வாரம் வரை காத்திருக்க மாட்டேன். சீட்டில் 10 மணி என்று போடுவேன். படம் எடுக்க ஓர் ஆளைத் தரையில் உட்கார வைப்பேன், எங்களிடம் உள்ள படங்களில் பாதி நின்றுகொண்டு எடுத்தவை, பாப்பாவின் உச்சந்தலைதான் தெரிகிறது.

ஃபெரி இப்போது தங்கச்சி வீட்டு வரவேற்பறையில் நிற்கிறது. பாப்பா நடக்கத் தொடங்கிவிட்டாள், தவழ்ந்து போக மனமில்லை, நின்றுகொண்டே நுழையப் பார்த்துத் தலையில் இடித்துக்கொள்கிறாள். போன சனிக்கிழமை அப்பா கத்தியும் துணி டேப்பும் எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறிப் போய், வாசலை இன்னும் ஒரு சாண் உயர்த்தி வெட்டிவிட்டு வந்தார்.